பில்சன் நகரத்துப் பீர்: வீட்டு உரிமையும் ஊர்ப் பெயரும்

சங்க மலருக்கு இந்த ஆண்டும் ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் கேட்டபோது, "பீரைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நயினார் ஐயா, நீங்களா?" என்றார். அவர் வியந்ததில் தப்பில்லை. மதுவைத் தொடாதவர் வீட்டில் பிறந்து, அறுபது வயதைத் தாண்டியும் தொடாதவன் நான். ஆனால் தில்லியில் நாற்பது ஆண்டுகளாகத் தானியக் கமிஷன் வியாபாரம் செய்பவன். அதில் பார்லியும் ஒன்று. இங்கே 'ஜௌ' என்பார்கள், நம் நூல்களில் வாற்கோதுமை.

ஆண்டுதோறும் ராஜஸ்தான், ஹரியானா அறுவடை மண்டிக்கு வரும்போது மால்ட் ஆலைக்காரர்களின் ஆட்களும் வருவார்கள். மணி பருத்திருக்க வேண்டும், புரதம் குறைவாக இருக்க வேண்டும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது முளைக்க வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்ட சரக்குக்கு விலையும் கூட. கொடுத்தோம், வாங்கினோம். முளைக்க வைத்து என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தேன் என்பதே சரி.

2018-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மூனிக் நகரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் சமையலறை மூலையில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று. உள்ளே என்ன என்று கேட்டேன். "பில்ஸ்னர் மாமா. வீட்டிலேயே காய்ச்சுகிறேன்" என்றான். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத வேண்டாம். அவன் பதில் பேசவில்லை. சனிக்கிழமை காலை என்னை ரயில் ஏற்றி, எல்லைக்கு அப்பால் செக் நாட்டில் இருக்கும் பில்சன் நகருக்குக் கூட்டிக்கொண்டு போனான். இக்கட்டுரை அந்தப் பயணத்தில் தொடங்கியது.

1. வீட்டோடு வந்த உரிமை

பில்சன் நகரை 1295-இல் போஹீமிய அரசன் இரண்டாம் வென்செஸ்லாஸ் நிறுவினான். நகரத்துக் குடிகள் இருநூற்றுக்கு மேற்பட்டோருக்குப் பீர் காய்ச்சி விற்கும் உரிமை வழங்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த உரிமை ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. வீடு கைமாறினால் உரிமையும் கைமாறும். நம் ஊர்களில் கிணற்றுப் பாத்தியதை நிலத்தோடு போவது போலத்தான்.

ஜெர்மானிய நகரங்கள் பலவற்றிலும் இதே முறை இருந்தது. கிறித்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் மனைவி கதரீனா விட்டன்பர்க்கில் தம் வீட்டில் தாமே பீர் காய்ச்சியவர். ரொட்டி சுடுவது போல இதுவும் வீட்டு வேலை. ஆக, 'வீட்டில் காய்ச்சுவது' என்பது இன்றைய இளைஞர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு அல்ல. அதுதான் பழையது, ஆலைதான் புதியது.

2. தெருவில் கொட்டிய முப்பத்தாறு பீப்பாய்

வீட்டுக்கு வீடு காய்ச்சினால் தரமும் வீட்டுக்கு வீடு மாறும். 1838-இல் பில்சனில் 36 பீப்பாய் பீர் குடிக்கத் தகுதியற்றது என்று நகரமன்றத்தின் முன்னால் பகிரங்கமாகக் கொட்டப்பட்டது. வியாபாரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? உரிமை பெற்ற குடிகள் கூடிப் பேசினார்கள். தனித்தனியாகக் காய்ச்சுவதை விட்டுப் பொதுவில் ஓர் ஆலை கட்டுவது என்று 1839-இல் முடிவு செய்தார்கள். கூட்டுறவு என்ற சொல் பரவாத காலத்தில் அது ஒரு கூட்டுறவு. வீட்டு உரிமை பங்கு உரிமையாக மாறிய இடம் இது.

அந்நாளில் பக்கத்து நாடான பவேரியாவின் பீருக்குத்தான் பெயர். காரணம் குளிர். பவேரியாவில் 1516-ஆம் ஆண்டுச் சட்டம் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் இம்மூன்று தவிர வேறெதுவும் பீரில் கூடாது என்றது. 1553-ஆம் ஆண்டு ஆணையோ கோடையில் காய்ச்சவே கூடாது, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம் என்றது. குளிர்காலத்தில் காய்ச்சி, நிலவறைகளில் பனிக்கட்டிக்கு நடுவே மாதக்கணக்கில் வைத்தார்கள். 'லாகர்' என்ற ஜெர்மன் சொல்லுக்குக் கிடங்கு என்றே பொருள். அந்தக் குளிரில் வேலை செய்யக்கூடிய ஒருவகை ஈஸ்ட், பாத்திரத்தின் அடியில் படிவது, அங்கே நிலைபெற்றது. அதனால் பீர் எளிதில் கெடவில்லை. ஆனால் நிறம் கருமை.

3. க்ரோல் என்ற பவேரியர்

பில்சன்காரர்கள் பவேரியாவின் வில்ஸ்ஹோஃபன் ஊரிலிருந்து ஜோசப் க்ரோல் என்பவரை அழைத்தார்கள். 1813-இல் பிறந்தவர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. 1842 அக்டோபர் 5-ஆம் நாள் புதிய ஆலையில் முதல் கொதி ஏறியது. நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளில் மக்களுக்கு வழங்கினார்கள். குவளையில் விழுந்தது கருப்பு அல்ல, தெளிந்த பொன்னிறம்.

இதை க்ரோலின் தனித்திறமை என்று சொல்லிவிட்டுப் போகலாம். தானிய வியாபாரியான எனக்கு அது போதவில்லை. சரக்கைப் பிரித்துப் பார்த்தேன்.

முறை பவேரியாவுடையது. தானியத்தை வாட்டிய விதம் இங்கிலாந்திலிருந்து வந்தது: நெருப்பும் புகையும் தானியத்தைத் தொடாமல், வெறும் வெப்பக்காற்றால் வாட்டும் சூளை. அதனால்தான் மால்ட் கருகாமல் வெளிறிய நிறத்தில் நின்றது. ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ பக்கத்துச் சாட்ஸ் வட்டாரத்துப் பயிர். செக் மொழியில் அவ்வூர் ஜாடெட்ஸ். இவை மூன்றும் வண்டியேறிப் போகக்கூடியவை. நான்காவது மட்டும் போகாது. அது தண்ணீர். பில்சன் தண்ணீரில் கரைந்த உப்புகள் மிக மிகக் குறைவு, ஏறக்குறைய மழைநீர் மாதிரி. மூனிக் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அது கருநிற மால்ட்டோடு ஒத்துப்போகும், வெளிறிய மால்ட்டோடு சேர்த்தால் கசப்பு கரகரக்கும். க்ரோல் தம் ஊரிலேயே இதைச் செய்திருந்தால் இந்தச் சுவை வந்திருக்காது.

க்ரோலின் ஒப்பந்தம் 1845-இல் முடிந்தது. அவர் ஊர் திரும்பி, 1887-இல் காலமானார். ஆலை நின்றது, ஊர்ப் பெயர் நின்றது.

4. ஈஸ்டும் இயந்திரமும்

1861-இல் பில்சனிலிருந்து பவேரிய எல்லைக்கு ரயில் வந்தது. பொன்னிறப் பீர் ஜெர்மனிக்குள் போயிற்று. ஜெர்மானியர்களும் அதே மாதிரி செய்யப் புறப்பட்டார்கள். 1872-இல் டிரெஸ்டன் அருகே ராடபர்க்கில் தொடங்கிய ஆலை, ஜெர்மனியில் முதன்முதலாகப் பில்ஸ்னர் மட்டுமே காய்ச்சியது தானே என்று சொல்லிக்கொள்கிறது.

ஆனால் பனிக்கட்டிக்கு என்ன செய்வது? கார்ல் ஃபான் லிண்டே என்ற மூனிக் பேராசிரியர் 1870-களில் குளிரூட்டும் இயந்திரம் செய்தார். அதற்கு முதலில் இடம் கொடுத்தது மூனிக் பீர் ஆலை ஒன்று. நம் வீட்டு ஃப்ரிட்ஜின் பாட்டனார் பீருக்காகப் பிறந்தவர் என்றால் சிரிப்பாக இல்லையா?

அடுத்தது ஈஸ்ட். 1516-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஈஸ்டின் பெயரே இல்லை. அது என்னவென்று அன்று யாருக்கும் தெரியாது. அது உயிருள்ளது, நொதித்தல் அதன் வாழ்க்கைச் செயல் என்பதைப் பிரான்சின் லூயி பாஸ்டர் நிறுவினார். பீரைப் பற்றிய அவர் நூல் 1876-இல் வெளிவந்தது. 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹன்சன் ஒரே ஒரு ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய வளர்ப்பை எடுத்தார். அந்த ஆலைக்கு மூல ஈஸ்ட் 1845-இல் மூனிக்கிலிருந்து போனதுதான். ஆலை அதிபர் யாகோப்சன் அந்த முறையைப் பெட்டியில் பூட்டவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். வியாபாரத்தில் இது அபூர்வம்.

மதுவில் எண்ணற்ற உயிர்கள் தோன்றி மடிகின்றன, ஆகவே விலக்கு என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பள்ளியில் படிக்கும்போது அது வெறும் நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். பாஸ்டர், ஹன்சன் கதையைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

5. பெயர் யாருக்குச் சொந்தம்?

எல்லாரும் 'பில்ஸ்னர்' என்று விற்கத் தொடங்கியதும் பில்சன்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1859-இலேயே பெயரைப் பதிவு செய்திருந்தார்கள். ஜெர்மானிய ஆலைகள்மீது வழக்குப் போட்டார்கள். அந்நூற்றாண்டின் இறுதியில் மூனிக் நீதிமன்றம், பில்ஸ்னர் என்பது இப்போது ஊரைக் குறிக்கவில்லை, ஒரு பீர் வகையைக் குறிக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பில்சன் ஆலை 1898-இல் 'பில்ஸ்னர் உர்குவெல்' என்று பதிவு செய்துகொண்டது. 'உர்குவெல்' என்றால் மூல ஊற்று. ஊற்று எங்களுடையது, ஓடிப்போன தண்ணீரைத் தடுக்க முடியவில்லை என்பது போல.

1997-இல் பாஸ்மதி வகை அரிசிக்கு அமெரிக்காவில் ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்கிய செய்தி வந்த அன்று தில்லி மண்டியில் எழுந்த கூச்சல் எனக்கு நினைவிருக்கிறது. பில்சன்காரர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஜெர்மன் பில்ஸ்னர் வெறும் நகல் அன்று. தண்ணீர் வேறு, ஹாப்ஸ் ஹாலர்டாவ், டெட்னாங் வட்டாரங்களுடையது. நிறம் இன்னும் வெளிறி, இனிப்புக் குறைந்து, கசப்புக் கூர்மையாகி அது வேறொன்றாக நின்றது. வடக்கே போகப் போகக் கசப்பு ஏறும் என்கிறார்கள். குடித்தவர்கள் சொன்னதை எழுதுகிறேன், எனக்குச் சாட்சி இல்லை.

6. அக்காள் மகன் சமையலறை

பில்சன் ஆலையின் நிலவறைகள் கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர் நீளம். அங்கே மரப்பீப்பாயிலிருந்து பார்வையாளர்களுக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுக்கிறார்கள். நான் கைகூப்பி வேண்டாம் என்றேன். ஊற்றியவர் சிரித்தபடி அடுத்தவருக்குக் கொடுத்தார்.

மறுநாள் வீட்டில் அக்காள் மகன் செய்முறையைக் காட்டினான். இருபது லிட்டருக்கு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான மால்ட். அதை உடைத்து 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடித்து, ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஹாப்ஸ் முதலில் போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் மணம். குளிரவைத்து ஈஸ்ட் சேர்த்து, 10 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே ஐந்தாறு வாரம். க்ரோலுக்கு நிலவறை, இவனுக்குப் பழைய ஃப்ரிட்ஜ். மூனிக் தண்ணீர் ஒத்துவராது என்று சுத்திகரித்த தண்ணீரைப் பாதி கலக்கிறான். ஐரோப்பா முழுக்க அலைந்து சேர்ந்த நான்கு சரக்கும் அந்த மூலையில் இருந்தன. அரசாங்கமும் குறுக்கே நிற்கவில்லை. அப்போது சுங்க அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு ஆண்டுக்கு 200 லிட்டர் வரை வரியின்றிக் காய்ச்சலாம். 2024 முதல் அது 500 லிட்டர். வீட்டிலிருந்து ஆலைக்குப் போன உரிமை, சுற்றி வந்து வீட்டுக்கே திரும்பியிருக்கிறது, விற்பனை மட்டும் இல்லை.

அன்று முன்பு காய்ச்சி வைத்திருந்ததைத் திறந்தான். முகர்ந்தான். முகம் வாடிவிட்டது. எங்கேயோ சுத்தம் போதவில்லை, புளித்துக் காடியாகியிருந்தது. ஒன்றும் பேசாமல் தொட்டியில் கொட்டினான். இருபது லிட்டரும் போயிற்று. எனக்கு முப்பத்தாறு பீப்பாய் நினைவு வந்தது. ஒழியட்டும் என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான், அப்படித் தோன்றவில்லை. இரண்டு மாத உழைப்பு.

"இட்லி மாவும் புளிக்கத்தானே செய்கிறது மாமா?" என்று மெல்லக் கேட்டான். "மதி மயங்கவா இட்லி தின்கிறோம்?" என்றேன். ஆனால் அவன் கேட்டது உயிர்களைப் பற்றி, நான் சொன்னது மயக்கத்தைப் பற்றி. பதில் பொருந்தவில்லை என்று அப்போதே தெரிந்தது.

பிறகு ஒரு கைப்பிடி மால்ட்டை என்னிடம் நீட்டினான். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன். மொறுமொறுவென்று, இலேசான இனிப்பு. பார்லியை ஊறப்போட்டு, நாலைந்து நாள் முளைக்கவிட்டு, முளை எழும்பும் நேரத்தில் சூளையில் வாட்டிவிடுகிறார்கள். முளைக்கும் விதை வேண்டும் என்று ஆலைக்காரர் ஏன் கேட்டார் என்பது ஒரு வாய் மால்ட்டில் விளங்கியது. உயிரோடு வாங்கிப் போனது, எழும்பும்போது நிறுத்துவதற்காக.

7. முடிவாக

ஊர் திரும்பியதும் மால்ட் ஆலைக்கு நேரடியாகச் சரக்கு அனுப்புவதை நிறுத்தினேன். இப்போது கடையைப் பார்க்கும் என் மகன், "நீங்கள் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரர் அனுப்புவார். பார்லி ஒரு மணிகூடக் குறையாதே அப்பா?" என்கிறான். உண்மைதான். மண்டியில் நான் விற்கும் பார்லி யார் கைக்குப் போகிறது என்று இன்றும் எனக்கு முழுக்கத் தெரியாது. இது புண்ணியக் கணக்கு அல்ல. நாற்பது ஆண்டு கேட்காமல் இருந்ததற்குப் பின் கேட்கத் தொடங்கினேன், அவ்வளவே.

பில்சன் வரலாறு எனக்குச் சொன்னதும் இதுதான். தங்கள் சரக்கு எப்படி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே பார்க்க நேர்ந்த ஊர் அது. கொட்டிவிட்டு மறைக்கவில்லை, கூடி உட்கார்ந்து பேசினார்கள்.

சென்ற குளிர்காலத்தில் அக்காள் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். மால்ட்டும் வீட்டிலேயே செய்து பார்க்கப்போகிறானாம். "நல்ல பார்லிக்கு என்ன அடையாளம் மாமா?" என்றான். சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு, மணியைக் குறுக்கே வெட்டிப் பார், உள்ளே மாவு வெள்ளையாக இருக்க வேண்டும், கண்ணாடி மாதிரி இருந்தால் வாங்காதே என்று சொன்னேன். தெரிந்ததைக் கேட்டவனுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அது சரியா தப்பா என்பதை மலரைப் படிக்கும் அன்பர்கள் நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள்.