ஹேண்டில், பேட்டரி, அப்பாவின் மணிக்கட்டு

நொய்டா குளிரைப் பற்றி ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சங்ககிரியில் மார்கழியில்கூட மின்விசிறி ஓடும். இங்கே ஜனவரி காலையில் எதிர் பிளாக் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது, அப்படி ஒரு பனி. போன ஜனவரியில் அப்படி ஒரு காலையில்தான் அப்பாவுக்கு எட்டரை மணிக்கு எக்கோ டெஸ்ட். குரங்குக் குல்லா, ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல தங்கமணி போர்த்திவிட்ட சால்வை சகிதம் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக் டிக். அவ்வளவுதான்.

"பேட்டரி போச்சு கண்ணு" என்றார் அப்பா. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். டயக்னாசிஸ் முடிந்தது.

டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரி போய் வந்தோம். அந்தக் கதை பின்னால் வரும். மதியம் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டால் "ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆள் வருவார்" என்றார்கள். ஆபீசில் ஆணி அதிகம், கார் இல்லாமல் முடியாது. சரி, நாமே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், பெரிய வேலை இல்லை. ஆனால் பக்கத்தில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்ததால் ஒரு மணி நேர வேலை ஒரு சாயங்காலம் முழுக்க இழுத்தது. அவர் சொன்னதும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் பேட்டரி என்பது காரைவிட வயசில் மூத்தது. 1859-ல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாமல் நடுவே துணி வைத்து, பாய் மாதிரி சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி வைத்தார். மின்சாரத்தை உள்ளே விட்டு, மறுபடி வெளியே எடுக்க முடிந்தது. அதுவரை இருந்த பேட்டரிகள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதைத் திரும்ப நிரப்பலாம். சிக்கல் என்னவென்றால் தகடுகளைப் பக்குவப்படுத்த ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி வாரக்கணக்கில் ஆகும். 1881-ல் கமீல் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டில் அப்பினால் போதும் என்று காட்டினார். அதோடு தொழிற்சாலையில் செய்யலாம் என்றாகிவிட்டது. இன்றைக்கு என் காரில் இருப்பதும் அடிப்படையில் அதே பசைதான். அதனால் இந்த 'பேட்டரி டெக்னாலஜி புரட்சி' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும் :-)

உள்ளே நடப்பதும் சுலபம். ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவில் அமிலம். மின்சாரம் வெளியே போகப் போக இரண்டு தகடுமே ஈய சல்ஃபேட்டாக மாறும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு அறை சுமார் 2.1 வோல்ட், ஆறு அறை சேர்ந்தால் 12.6. அன்று மீட்டர் வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்தது 11.4. பல நாள் ஓட்டாமல் அப்படியே விட்டால் சல்ஃபேட் கெட்டிப் படிகமாகித் தகட்டை அடைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் கரையாது. வீட்டிலிருந்து வேலை என்று காரை மூடிவைத்த எத்தனையோ பேருக்கு 2020-ல் நடந்தது இதுதான்.

எல்லாரும் குளிர்தான் பேட்டரியைக் கொல்கிறது என்கிறார்கள். அரை உண்மை. கொல்வது மே, ஜூன் வெயில். குளிர் செய்வது காட்டிக்கொடுக்கும் வேலை. வெப்பத்தில் உள்ளே அரிப்பு வேகமாக நடந்து பேட்டரி பாதி செத்திருக்கும். அது ஜனவரியில், எஞ்சின் ஆயில் கெட்டியாகி, வேதிவினையும் மந்தமாகும் காலையில்தான் நமக்குத் தெரியும். டெல்லிப் பக்கம் இரண்டு உச்சமும் உண்டு. ஊரில் ஐந்து வருஷம் வரும் பேட்டரி இங்கே மூன்றரையில் போனதில் ஆச்சரியமில்லை.

நான் பானெட்டைத் திறந்து மைனஸ் பக்கம் ஸ்பேனரை வைத்ததும் அப்பா குரல் கொடுத்தார். "பிளஸ்ஸ மொதல்ல கழட்டு."

"இல்லீங்கப்பா, மைனஸ்தான் மொதல்ல."

"நான் எத்தன பேட்டரி கழட்டியிருப்பன்? பிளஸ்ஸுதான் மொதல்ல."

எனக்குப் பக்கென்றது. எல்லாப் புத்தகமும் மைனஸ் முதலில் என்கிறது. பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் வால் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், ஸ்பேனரே பழுத்துவிடும். மைனஸை முதலில் விடுவித்துவிட்டால் பிறகு ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது இதையே தலைகீழாக, மைனஸ் கடைசியில். நாற்பது வருஷ டிரைவர் இதைத் தப்பாகச் சொல்வாரா? வயசாகிவிட்டதோ, நினைவு குழம்புகிறதோ என்று ஒரு நொடி மனசு கலங்கியது உண்மை. காலையில் ஆஸ்பத்திரியில் கேட்டதெல்லாம் சேர்ந்து அப்படி நினைக்க வைத்தது.

"ஏனுங்ப்பா பிளஸ்?" என்று கேட்டேன்.

"பாடியில சேந்திருக்கறது எதுவோ அத மொதல்ல கழட்டோணும். நான் கிளீனரா ஏறுன வண்டில பிளஸ்தான் பாடிக்கு எர்த்து."

அன்று இரவு தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலானவற்றில் 1960-கள் வரை பிளஸ்தான் பாடியோடு இணைந்திருந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு கார்களும் 1955 வரை அப்படித்தான், ஆறு வோல்ட் வேறு. ஐம்பதுகளின் நடுவில் பெரிய எஞ்சின்களைச் சுழற்ற ஆறு வோல்ட் பற்றாமல் பன்னிரண்டுக்கு மாறினார்கள். பிறகு டைனமோ போய் ஆல்டர்னேட்டரும், டிரான்சிஸ்டர் ரேடியோவும் வந்த காலத்தில் உலகம் மொத்தமும் மைனஸ் எர்த்துக்கு வந்து சேர்ந்தது. நான் படித்தது மைனஸ் முதலில் என்ற விதி. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது அந்த விதிக்கான காரணம். என் மனசு கலங்கியதை அவரிடம் சொல்லவில்லை.

இனி ஹேண்டிலுக்கு வருகிறேன். அப்பாவின் வலது மணிக்கட்டு லேசாக வெளிப்பக்கம் கோணியிருக்கும். சின்ன வயசில் 'எங்கப்பா கை இப்படித்தான்' என்று நினைத்திருந்தேன். கிளீனராகச் சேர்ந்த புதிதில், பதினாறு வயசில், பெட்ரோல் லாரிக்கு முன்னால் நின்று ஹேண்டில் சுற்றியபோது எஞ்சின் திருப்பி உதைத்துவிட்டது. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டு, கட்டோடேயே வேலைக்குப் போயிருக்கிறார். "பெருவெரல மத்த வெரலோட சேத்து ஒரே பக்கம் வெக்கோணும், கீழ அமுக்கப்படாது, மேல இழுக்கோணும்" என்று கையில் ஸ்பேனரைப் பிடித்துக் காட்டினார். தீப்பொறி கொஞ்சம் சீக்கிரம் விழுந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுழலும். பெருவிரல் ஹேண்டிலைச் சுற்றிப் பிடித்திருந்தால் கை கழன்று வராது, எலும்புதான் விலகும்.

இந்த உதைதான் காருக்குள் பேட்டரியைப் பெரிய மனுஷனாக்கியது. கார் உலகில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. டெட்ராய்ட் பாலம் ஒன்றில் நின்றுபோன ஒரு பெண்மணியின் காருக்கு பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் ஹேண்டில் போட, அது தாடையில் உதைத்து அவர் இறந்தார். நண்பரான கேடிலாக் தலைவர் ஹென்றி லேலண்ட் மனம் நொந்து 'இனி ஹேண்டிலே கூடாது' என்றாராம். 1910 குளிர்காலம் என்று கதை சொல்லும். கார்ட்டரோ 1908-லேயே இறந்துவிட்டார். ஆக, கதையில் மசாலா நிறைய. ஆனால் ஹேண்டில் உடைத்த கைகளுக்கு மசாலா தேவையில்லை, எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது.

லேலண்ட் தேடிப்போன ஆள் சார்லஸ் கெட்டரிங் (சமையல் கேட்டரிங் அல்ல). ஒஹாயோ மாநிலம் டேட்டனில் கடை கல்லாப்பெட்டிகளுக்கு மின் மோட்டார் பொருத்திய எஞ்சினியர். எஞ்சினைச் சுழற்றும் மோட்டார் எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கவேண்டும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். கெட்டரிங் கல்லாப்பெட்டியில் கற்றது வேறு. சில நொடிகள் மட்டும் ஓட வேண்டிய சின்ன மோட்டாருக்குத் தாங்குவதைவிட அதிகச் சுமை கொடுக்கலாம், சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். 1911-ல் ஓட்டிக் காட்டினார், 1912 கேடிலாக் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு வந்தது. ஃபோர்டின் மாடல் டி-க்கு 1919-ல்தான் வாய்த்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் மின்சாரக் கார்கள் நன்றாக விற்றன. ஹேண்டில் சுற்ற வேண்டியதில்லை என்பது அதற்குப் பெரிய காரணம். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914 டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரைத்தான் ஓட்டினார், கணவர் கம்பெனி காரை அல்ல! கெட்டரிங்கின் பேட்டரியும் மோட்டாரும் பெட்ரோல் காருக்குள் புகுந்து மின்சாரக் காரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டன. இன்று மின்சாரக் கார்கள் திரும்பி வந்தபிறகும், பலவற்றில் விளக்குக்கும் பூட்டுக்கும் அதே பன்னிரண்டு வோல்ட் ஈய பேட்டரி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

நம் நாட்டுக் கதை சுருக்கமாக. கல்கத்தா பக்கத்து ஷியாம்நகரில் பேட்டரித் தொழிற்சாலை, 1947-ல் அசோசியேட்டட் பேட்டரி மேக்கர்ஸ் என்ற கம்பெனி. அதுதான் பின்னாளில் எக்ஸைட் இண்டஸ்ட்ரீஸ். எக்ஸைட் என்ற பெயரே 'எக்ஸலென்ட் ஆக்சைடு' என்பதன் சுருக்கம். 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு. 1985-ல் திருப்பதி பக்கம் அமர ராஜா, 2000-ல் அவர்களுடைய அமரான். தண்ணி ஊற்றத் தேவையில்லாத பேட்டரி பரவலானதும் ஒரு தொழிலே காணாமல் போனது. எங்கள் ஊர் பேட்டரிக் கடை ஞாபகம் வருகிறது. பலகையில் வரிசையாக எரியும் குண்டு பல்புகள், அமிலம் சொட்டிப் பொத்தல் விழுந்த பேண்ட்டோடு ஒரு அண்ணன், கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட்காரர்கள் தூக்கிக்கொண்டு வரும் பேட்டரிகள். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

பழைய பேட்டரியை வெளியே எடுக்கும்போது அப்பா எழுந்து வந்து கை கொடுக்கப் பார்த்தார். பத்துக் கிலோ. காலையில்தான் டாக்டர் எடை தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். இதயம் பம்ப் பண்ணும் அளவு குறைந்திருக்கிறது, மாத்திரையோடு பார்த்துக்கொள்ளலாம் என்றவர், புரியட்டும் என்று "பேட்டரி வீக் அங்கிள்" என்றும் சொல்லிவைத்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "பம்ப்புதான் வீக்கு. பேட்டரியாம். அந்தாளுக்கு வண்டியப் பத்தி ஒண்ணுந் தெரில" என்று டாக்ஸியில் வரும் வழியெல்லாம் புலம்பல். இப்போது நான் "வேண்டாங்ப்பா" என்றதும் கையை எடுத்துக்கொண்டார். அவர் இத்தனை சீக்கிரம் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

கீழே கபாடிக்காரர் கடையைவிட நூற்றைம்பது ரூபாய் அதிகம் தருவதாகச் சொன்னார். கூட அவர் பையன், ஏழெட்டு வயசிருக்கும், பேட்டரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எடையில் பாதிக்கு மேல் ஈயம். இதை எங்கோ ஒரு கொல்லையில் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, அடுப்பில் உருக்குவார்கள். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் அபாய அளவுக்கு ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் சொன்னபோது முக்கியக் காரணமாகக் காட்டியது இந்த உருக்குதலைத்தான். 2001 முதலே விற்பவர் பழையதைத் திரும்ப வாங்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, 2022-ல் விதிகளைப் புதுப்பித்தார்கள். கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொண்டேன்.

புது பேட்டரி உட்கார்ந்தது. பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். ஒரே திருப்பு. கடிகாரம் பன்னிரண்டு மணி காட்டியது, அதைச் சரிசெய்ய எனக்கு இன்னொரு பத்து நிமிஷம் ஆனது.

பிப்ரவரியில் அப்பா ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மாத்திரை சாப்பிட்டீங்களா என்று நான் கேட்பேன். அவர் அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கேட்பது, "டெர்மினலுக்கு வாசலின் தடவுனியா கண்ணு?"

இன்னும் தடவவில்லை.