விட்டுக்கொடாத நிலம்



கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் 1886ஆம் ஆண்டிலே நகரமாகப் பதிவு பெற்றது. அதற்கு 128 ஆண்டுகளின் பின், 2014ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, அதன் மாநகர சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிற்று. நகரம் அமைந்துள்ள நிலம் மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டூத் என்னும் மூன்று ஆதிக்குடியினரின் பாரம்பரிய நிலம். உடன்படிக்கையாலேனும் போராலேனும் அவர்கள் அதனை விட்டுக்கொடுத்ததில்லை என்பதே அத்தீர்மானம். உண்மையை ஒப்புக்கொண்டமை நன்றே. ஆயினும் அதனால் ஒரு பிடி மண்ணேனும் கைமாறவில்லை.

மண் கைமாறிய கதை வேறு. நகரின் நடுவே, கடற்கழி ஓரத்திலே, செனாக் என்றோர் ஊர் இருந்தது. ஸ்குவாமிஷ் மக்கள் அங்கே வாழ்ந்தனர். 1877இல் சுமார் 80 ஏக்கர் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. நகரம் வளர வளர அந்நிலத்தின்மேற் பலரின் கண்ணும் விழுந்தது. புகையிரதப் பாதைக்கென ஒரு பகுதி முன்னரே எடுக்கப்பட்டது. 1913இலே மாகாண அரசு, மத்திய அரசின் ஒப்புதலுமின்றி, குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 11,250 டொலர் எனப் பேசி, ஊரவரைத் தட்டைப் படகிலேற்றிக் கடல்வழியே அகற்றிற்று. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகள் எரிக்கப்பட்டன.

வழக்காடலாமே என்று நேயர்கள் வினவக்கூடும். அதற்கும் வழி அடைக்கப்பட்டிருந்தது. 1927 தொடக்கம் 1951 வரை, நில உரிமை கோருதற்கு ஆதிக்குடியினர் பணந்திரட்டுவதையே சட்டம் தடைசெய்தது. கொள்ளையிலும் கொடிது இதுவென்பது என் எண்ணம். பறிகொடுத்தவன் முறையிடும் வாயையும் அன்றோ கட்டினார்கள்!

தடை நீங்கியபின்னும் வழக்கு நெடுங்காலம் நீண்டது. 2000ஆம் ஆண்டிலே 9 கோடியே 25 இலட்சம் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. புகையிரதக் கம்பெனி பயன்படுத்தாது விட்ட பகுதி ஸ்குவாமிஷ் மக்களுக்கே மீளவேண்டுமென 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. எண்பது ஏக்கரிலே திரும்பக் கிடைத்தது பத்தரை ஏக்கரளவே. அதுவும் பாலமொன்றின் அடியிலும் அருகிலுமாக.

அத்துண்டு நிலத்திலே 2022இல் அவர்கள் ஆறாயிரம் வீடுகளளவு கொண்ட மாடிக் கட்டடங்களை எழுப்பத் தொடங்கினர். உயரம் மிகுதியென அயலவர் சிலர் முறையிட்டனர். ஆனால் அது ஸ்குவாமிஷ் மக்களின் ஒதுக்கு நிலம்; நகரின் கட்டட விதிகள் அங்கே செல்லா. நீர், வடிகால் முதலிய சேவைகளை வழங்குதற்காக, மாநகர சபை அதே ஆண்டில் அவர்களோடு சரிசமமாக அமர்ந்து உடன்படிக்கையிலே கையொப்பமிட்டது.