வரைபடம் இல்லாத கப்பல்

ஷோகேஸில் வைக்க ஒரு பழைய கப்பலை மாடல் செய்ய உங்களுக்கு ஆசை என்று வைத்துக்கொள்வோம். ‘சவானா’வை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்... மாட்டிக்கொள்வீர்கள்!

1819 மே மாதம் அமெரிக்காவின் சவானா துறைமுகத்திலிருந்து கிளம்பி, 29 நாளில் இங்கிலாந்தின் லிவர்பூலை அடைந்த கப்பல் அது. நீராவி எஞ்சினோடு அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கப்பல். (பெரும்பாலான நேரம் பாய் விரித்துத்தான் ஓடியது என்பது வேறு விஷயம்!) இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள். தேவையில்லாதபோது அவற்றை விசிறி மாதிரி மடக்கி மேல்தளத்தில் எடுத்து வைத்துவிடலாம். அயர்லாந்து பக்கம் போனபோது புகையைப் பார்த்த ஒரு காவல் கப்பல், ‘ஐயோ, தீப்பிடித்துவிட்டது’ என்று துரத்திக்கொண்டு வந்த கூத்தும் நடந்தது.

லாபம்தான் வரவில்லை. எஞ்சினைக் கழற்றிவிட்டு வெறும் பாய்மரக் கப்பலாக ஓட்டினார்கள். 1821-ல் லாங் ஐலண்ட் கரையில் தரைதட்டி உடைந்துபோனது. கட்டும்போது போட்ட வரைபடமும் மிஞ்சவில்லை.

‘அதனாலென்ன, வாஷிங்டன் தேசிய மியூசியத்தில் மாடல் இருக்குமே?’ என்பீர்கள். இருந்தது. சுமார் எழுபது வருஷம் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் சவானாவை வரைந்தார்கள். ஆனால், கப்பல் ஓடிய காலத்துப் படங்களோடு அது ஒத்துப்போகவில்லை! அதே மியூசியத்தைச் சேர்ந்த ஹோவர்ட் சாப்பெல், சரியான மாடலுக்காகத் துப்பறிய இறங்கினார்.

சுங்க அலுவலகப் பதிவு கிடைத்தது. நீளம் 98 அடி 6 அங்குலம், அகலம் 25 அடி 10 அங்குலம், ஆழம் 14 அடி 2 அங்குலம், கொள்ளளவுக் கணக்கு 319 டன் சொச்சம். ஆஹா, நான்கு எண்கள்! ஆனால் அந்த டன் என்பது, மற்ற மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, 95-ஆல் வகுத்து வந்த விடைதான். (நானே போட்டுப் பார்த்தேன், அச்சாக வருகிறது.) ஆக, மிச்சம் மூன்றே எண்கள். அதை வைத்து அழகாக ஒரு பெட்டி செய்யலாம். கப்பலின் வயிறு எங்கே உப்பியது, மூக்கு எப்படிக் குறுகியது என்று யார் சொல்வது?

சாப்பெல் லாக் புக்கைப் புரட்டினார். கப்பல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போயிருந்ததால் ரஷ்யப் பத்திரிகைச் செய்திகளும் உதவின. பெரிய புதையல், மரஸ்தியே என்ற பிரெஞ்சுக் கப்பல் பொறியாளரின் அறிக்கை. அமெரிக்க நீராவிக் கப்பல்களைப் பற்றி 1820-களில் வெளியான அதில், சவானாவின் பக்கவாட்டுத் தோற்றம் இருந்தது!

பக்கவாட்டுத் தோற்றம் மட்டும்தான். எனவே அடிப்பாகத்தின் வளைவுகளுக்கு, அந்தக் காலத்துக் கப்பல்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பதை வைத்து அனுமானிக்க வேண்டியிருந்தது. 1961-ல் ஆராய்ச்சி வெளியானது. அந்த வரைபடத்தை வைத்து நீங்கள் மாடல் செய்தால், தண்ணீருக்கு மேலே தெரிவதற்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் சாட்சி இருக்கும். தண்ணீருக்குக் கீழே இருப்பது, சாப்பெல் கவனமாகச் செய்த யூகம்.