நான்கு உடன்பாடுகள்: தமிழ் மின்னூடகத்தில் கூட்டுழைப்பின் வரலாறு

முன்னுரை

1990களின் பிற்பகுதியில் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் தமிழில் அனுப்பிய மின்னஞ்சலைச் சிட்னியில் இருப்பவர் திறந்தால், பெரும்பாலும் தமிழ் தென்படாது. கேள்விக்குறிகளும் மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் திரையை நிறைத்திருக்கும். அனுப்பியவரின் எழுத்துருவையே தேடி நிறுவிய பிறகுதான் கடிதம் கடிதமாகும். இன்று கைப்பேசியில் தட்டும் 'வணக்கம்' எந்த நாட்டில் திறந்தாலும் 'வணக்கம்' என்றே நிற்கிறது.

இம்மாற்றத்தைக் கருவிகளின் வளர்ச்சியாக மட்டும் விளக்குவது வழக்கம். கருவி வளர்ந்தது உண்மை. ஆனால் தமிழ் மின்னூடகத்தின் பெரிய முன்னேற்றங்களை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உடன்பாடு கிடக்கிறது. ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத தன்னார்வலர்கள் பொது விதி ஒன்றுக்கு இசைந்த இடத்தில்தான் புதுமை பிறந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். எழுத்து, நூல், சொல், பக்கம் ஆகிய நான்கு நிலைகளில் அதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. எழுத்துக்கு ஓர் எண்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை ஒவ்வொரு எழுத்துரு வடிவமைப்பாளரும் தம் விருப்பப்படி முடிவு செய்ததே தொடக்ககாலக் குழப்பத்தின் வேர். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சிகள், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு என ஒவ்வொன்றும் உழைப்பில் விளைந்த சாதனை. ஆனால் ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியவில்லை.

1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு இச்சிக்கலைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் மின்னஞ்சல் குழுக்களில் நடந்த நீண்ட விவாதங்களிலிருந்து திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருவானது. அதன் கணக்கு நெருக்கடியானது. ஆங்கிலத்துக்குரிய 128 இடங்களை விட்டுவிட்டால் எஞ்சுவதும் 128 இடங்களே. தமிழ் எழுத்துகளோ 247. கிரந்த எழுத்துகள் தனி. ஆகவே கொம்பு, கால், கொக்கி போன்ற துணை உறுப்புகளுக்குத் தனி இடம் கொடுத்து, எழுத்துகளைக் கோத்துக் காட்டினார்கள். 'கு', 'சு', 'து' என உகரம் மெய்தோறும் வேறு உருவம் எடுப்பதால், உகர ஊகார உயிர்மெய்கள் 36க்கும் தனித்தனி இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. தரப்படுத்தவே எழுந்த முயற்சிகள் சில காலம் அருகருகே நின்றன. உரையாடலை நிரந்தரமாக்க 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991இலேயே, உலக எழுத்துகளுக்கான பொதுக் குறியேற்றமான யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. இயங்குதளங்கள் அதை ஏற்கப் பத்தாண்டுகள் ஆயின. திஸ்கிக்கும் யூனிகோடுக்குமான வேறுபாட்டை ஓர் எழுத்தில் காட்டலாம். 'கொ' என்பதைத் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என மூன்று துண்டுகளாகச் சேமித்தது. யூனிகோடு முதலில் ககரத்தையும் பிறகு ஒகரக் குறியையும் வைக்கிறது. தேடலும் அகரவரிசையும் இதனால் எளிதாயின. மெய்யை அடிப்படையாகக் கொண்ட நம் இலக்கண மரபுக்கு மாறாக 'க்' இரண்டு குறிகளால் ஆகிறதே என்ற குறை இருந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடுடன் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றது அக்குறையின் எதிரொலி. ஆயினும் உலகப் பொதுவழியாக நிலைத்தது யூனிகோடே. பழைய கோப்புகளை அதற்கு மாற்ற ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் உருவாக்கிய 'பொங்குதமிழ்' மாற்றி பலருக்குக் கைகொடுத்தது.

2. நூலுக்கு ஒரு முகப்பு

1998 பொங்கல் நாளில், தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் மதுரைத் திட்டம் தொடங்கியது. லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் அதற்குத் தலைமையேற்றனர். ஒருவர் தட்டச்சு செய்வார். வேறொரு நாட்டில் இருப்பவர் மெய்ப்புப் பார்ப்பார். மயிலையில் தொடங்கிய நூல்கள் 1999இல் திஸ்கிக்கும் 2004இல் யூனிகோடுக்கும் நகர்ந்தன. எழுத்தளவில் ஏற்பட்ட ஒவ்வொரு உடன்பாட்டின் பயனும் இந்த மின்னூலகத்தை வந்தடைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதி. தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பது அதில் பதிவாகியிருக்கும். அம்முகப்பை நீக்காதவரை யாரும் கோப்பைத் தடையின்றிப் பகிரலாம் என்ற அனுமதியும் அதிலேயே இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் முதல் தொகுதி வெளியானது 2002இல்தான். அதற்கு முன்பே, 'எடுத்துக்கொள், உழைத்தவர் பெயரை அழிக்காதே' என்னும் நெறியைத் தமிழ்த் தன்னார்வலர்கள் கடைப்பிடித்துவந்தனர் என்பது பெருமைக்குரிய செய்தி.

2005இல் இலங்கைத் தமிழர் முயற்சியில் எழுந்த நூலகம் திட்டத்துக்குப் பின்னால் ஓர் ஆறாத வடு உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தச் சமூகம் நெருப்பில் கற்றது. ஆகவே நூல்களோடு இதழ்கள், மலர்கள், துண்டறிக்கைகள் வரை வருடிப் பொதுவெளியில் வைக்கும் பணியை நூலகம் மேற்கொண்டது. எரிக்க முடியாத நூலகம் என்ற கனவுக்குப் பல நாடுகளில் வாழ்வோரின் கைகள் சேர்ந்தன.

3. சொல்லுக்கு ஒரு வழிமாற்று

2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவை அதன் தொடக்க நாட்களில் தாங்கியவர், அமீரகத்தில் கட்டடக்கலைஞராகப் பணியாற்றிய யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். இடைமுகத்தைத் தமிழாக்கியதிலிருந்து கட்டுரைகளை எழுதிக் குவித்தது வரை அவர் பணி விரிந்தது. 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அதற்குக் கிடைத்த மதிப்பு.

அங்கே எழுந்த சிக்கல் சொல் பற்றியது. கனடாவின் நகர் ஒன்றை ஈழத்தவர் 'ரொறன்ரோ' என்பர். தமிழகத்தார் 'டொராண்டோ' என்பர். 'கணினி'யா, 'கணனி'யா? இரண்டும் உயிருள்ள வழக்குகள். ஒன்றைப் பிழை என்று ஒதுக்கினால் ஒரு நாட்டையே ஒதுக்கியதாகும். உரையாடல் பக்கங்களிலும் 'ஆலமரத்தடி' என்று பெயரிட்ட பொதுமன்றத்திலும் பேசி ஒரு வடிவத்தைத் தலைப்பாக்கினார்கள். மற்ற வடிவத்தை வழிமாற்றாக வைத்தார்கள். எந்தச் சொல்லைத் தேடினாலும் வாசகர் ஒரே கட்டுரைக்கு வந்துசேர்வார். வழிமாற்று சிறிய நுட்பம்தான். ஆனால் கடல் பிரித்த இரு எழுத்துவழக்குகளை ஒரே கூரையின்கீழ் அமர்த்தியது அதுவே.

உடன்பாடு இல்லாத உற்பத்தி என்ன ஆகும் என்பதையும் அதே களம் காட்டியது. 2009இல் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு கட்டுரைகளைச் சேர்க்கத் தொடங்கியது. எண்ணிக்கை ஏறியது, ஆனால் நடையும் தலைப்புத் தேர்வும் விக்கிப்பீடியர்களுக்குக் கவலை தந்தன. அவர்கள் குறைகளைப் பட்டியலிட்டு, தேவையான தலைப்புகளை எடுத்துரைத்து, திருத்தம் கோரினார்கள். பணமும் மென்பொருளும் இருந்தும் சமூகத்தோடு பேசாமல் தரம் வராது என்பது அப்போது தெளிவானது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டியது.

4. பக்கத்துக்கு இரு கண்கள்

அடுத்த கட்டத்தில் அரசும் தன்னார்வலர்களும் கைகோத்தனர். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்போடு, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு நூலகமான விக்கிமூலத்துக்கு வந்தன. வருடிய பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் உரையாக்கித் தந்தது.

விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால், ஒருபுறம் பழைய அச்சுப் பக்கத்தின் படம். மறுபுறம் இயந்திரம் படித்த உரை. இயந்திரம் கால் குறியை ரகரமாகப் படித்திருக்கும். 1978க்கு முந்தைய அச்சில் வரும் பழைய 'லை', 'றா' வடிவங்களில் தடுமாறியிருக்கும். ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சள் நிறம் பெறும். இரண்டாவது ஆள் சரிபார்த்தால்தான் பச்சை. எவ்வளவு தேர்ந்தவரானாலும் தம் பக்கத்தைத் தாமே பச்சையாக்க முடியாது. ஒருவர் படிக்க மற்றவர் ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் மரபை, இவ்விதி முகமறியாதோர் நடுவே மீண்டும் நிறுவுகிறது.

முடிவுரை

இந்த நான்கு உடன்பாடுகளும் படிப்படியாக ஒன்றன்மேல் ஒன்று அமைந்தவை. பொது எண் இல்லாவிட்டால் பொது நூலகம் இல்லை. நூலகம் கற்றுத்தந்த பகிர்வுநெறி, விக்கித் திட்டங்கள் வேர்பிடிக்கும் நிலத்தைப் பண்படுத்தியது.

இன்றைய மொழி இயந்திரங்கள் கற்கும் தமிழில் இத்தன்னார்வலர்கள் தட்டிய உரையும் கலந்திருக்கிறது. இயந்திரத்தின் விடையில் அவர்கள் பெயர் வருவதில்லை. மதுரைத் திட்டக் கோப்புகளில் இருந்த அந்த முகப்பை இப்புதிய ஊடகத்திலும் எப்படிக் காப்பது? தமிழ்ச் சமூகம் அடுத்து எட்ட வேண்டிய உடன்பாடு அதுவே என்று இக்கட்டுரை கருதுகிறது.