பாம்புப் பாவாடைக்காரி

1790 ஆகஸ்ட் 13. மெக்சிகோ நகரத்தின் நடுச் சதுக்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்பெயின் அரசரின் வைஸ்ராய் ரெவியாஹிஹேதோ ஊரைச் சீர்படுத்த முனைந்திருந்தார். தரைக்குக் கல் பாவ வேண்டும், கழிவுநீருக்குக் கால்வாய் வெட்ட வேண்டும். அதற்காகத் தோண்டிய பள்ளத்தில் ஒரு பெருங்கல் தட்டுப்பட்டது. மண்ணை விலக்கிப் பார்த்தால், எட்டு அடிக்கு மேல் உயரமான பெண் தெய்வம்.

269 ஆண்டுகளுக்கு முன்னால், இதே ஆகஸ்ட் 13 அன்றுதான், 1521இல், அந்த இடத்தில் இருந்த அஸ்டெக் தலைநகரம் டெனோச்டிட்லான் ஸ்பானியத் தளபதி கோர்டெஸின் படையிடம் வீழ்ந்தது. பெருங்கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக் கொண்டே ஸ்பானியர்கள் புது நகரத்தைக் கட்டினார்கள். தெய்வங்களில் உடைபட்டவை போக, சில மண்ணுக்கு அடியில் தங்கிவிட்டன. இவள் அவர்களில் ஒருத்தி.

பெயர் கோவாட்லிக்குவே. அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் ‘பாம்புகளாலான பாவாடை உடையவள்’ என்று பொருள். சிலையில் அந்தப் பாவாடை பின்னிப் பிணைந்த பாம்புகளாகவே இருக்கிறது. கழுத்தில் வெட்டிய கைகளும் இதயங்களும் கோத்த மாலை, அதன் நடுவில் ஒரு மண்டையோடு. கால்களில் கூர்நகங்கள். தலை கிடையாது. வெட்டுண்ட கழுத்திலிருந்து இரண்டு பாம்புகள் எழுந்து, எதிரெதிரே மூக்கு முட்டி நின்று, ஒரே முகமாகத் தெரிகின்றன. இரும்பு உளியையே அறியாத சிற்பிகள், எரிமலைப் பாறையில் கல்லைக் கொண்டு கல்லைச் செதுக்கிய வேலை இது.

அவள் கதை சுருக்கமானது. கோவாட்டெபெக் என்ற பாம்பு மலையில் கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வானத்திலிருந்து ஓர் இறகுப் பந்து விழுந்தது. எடுத்து மடியில் செருகிக்கொண்டாள், கர்ப்பமானாள். மகள் கொயோல்ஷாவ்கி இதைக் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாகக் கருதி, நானூறு தம்பிமாரைத் திரட்டித் தாயைக் கொல்ல வந்தாள். அந்த நொடியில் வயிற்றிலிருந்த விட்சிலோபோச்ட்லி ஆயுதத்தோடு பிறந்தான். அக்காளின் தலையைக் கொய்து, உடலை மலையடிவாரத்துக்கு உருட்டிவிட்டான். அஸ்டெக் மக்களின் போர்க் கடவுள் அவன்.

கிடைத்த சிலையை உடைக்காமல் பல்கலைக்கழக முற்றத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் வைஸ்ராய். அங்கே வைத்ததும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பூர்வகுடி மக்கள் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். மெழுகுவர்த்தி ஏற்றி வணங்க வந்தவர்கள். பிறந்தது முதல் ஞானஸ்நானம் பெற்று, பூசைக்குப் போய்வந்த மக்கள். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு மதபோதனைக்குப் பிறகும் இப்படி என்றால் பாதிரிமார் சும்மா இருப்பார்களா? முற்றத்திலேயே குழி தோண்டி அவளைப் புதைத்துவிட்டார்கள்.

அதே 1790 டிசம்பரில் அதே சதுக்கத்தில் கிடைத்தது புகழ்பெற்ற சூரியக் கல். அதை மட்டும் பேராலயத்தின் வெளிச்சுவரில், ஊரே பார்க்கும்படி பதித்து வைத்தார்கள். காரணம் எளிது. வட்டமான அந்தக் கல்லை நாள்காட்டி என்று படித்தார்கள். நாள்காட்டி என்றால் அறிவு. பாம்புப் பெண் என்றால் பேய்.

1803இல் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் மெக்சிகோ வந்தார். சிலையைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு பிஷப் அவருக்காகப் பரிந்து பேசிய பிறகே மண் விலகியது. அவர் பார்த்து முடித்ததும் மறுபடி மூடினார்கள்.

அடுத்து வந்தவர் வில்லியம் புல்லக். லண்டனில் கண்காட்சி நடத்துகிறவர். 1821இல் மெக்சிகோ விடுதலை அடைந்திருந்தது. 1823இல் அவர் அனுமதி வாங்கித் தோண்டி, சிலைக்கு அச்சு எடுத்தார். மறுஆண்டு அந்த வார்ப்பு லண்டன் பிக்காடிலியில் காட்சிக்கு வந்தது. அவள் மண்ணுக்கு மேலே இருந்த அந்தச் சில நாட்களில் முற்றத்தில் கூட்டம் மொய்த்தது. மற்றவர்கள் கேலி செய்ய, பூர்வகுடிகள் மட்டும் வாய் திறக்காமல் உற்றுப் பார்த்து நின்றதாக அவர் எழுதியிருக்கிறார். அந்திப் பொழுதில் யாரோ கண்ணில் படாமல் வந்து அவளுக்குப் பூமாலை சூட்டிப் போனதையும் சொல்கிறார். அச்சு எடுத்தான பிறகு அவள் மறுபடி மண்ணுக்குள் போனாள்.

பிறகு ஒருவழியாக நிரந்தரமாக வெளியே வந்தாள். பல்கலைக்கழகத்தின் மூலை, தேசிய அருங்காட்சியகம் என்று இடம் மாறி, 1964இல் திறந்த தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தின் அஸ்டெக் மண்டபத்தில் நிலைபெற்றாள். 1978 பிப்ரவரியில் பழைய சதுக்கத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிய மின்வாரியத் தொழிலாளர்கள், வட்டக் கல் ஒன்றில் துண்டுபட்டுக் கிடக்கும் பெண்ணைக் கண்டார்கள். தாயைக் கொல்ல வந்த மகள் கொயோல்ஷாவ்கி. பெருங்கோயிலைத் தோண்டியெடுத்த பேரகழாய்வு அவளிடமிருந்துதான் தொடங்கியது.

தாய்ச் சிலையில் யார் கண்ணிலும் படாத பகுதி ஒன்று உண்டு. அடிப்பக்கம். நிற்க வைத்தால் தரையோடு ஒட்டிவிடும் அந்தப் பரப்பிலும் பூமித் தெய்வத்தின் உருவம் முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. 1792இல் சிலையைப் பற்றி முதல் நூல் எழுதிய லியோன் இ காமா இதைப் பார்த்துத் திகைத்து, சிலையை உயரத்தில் தூக்கி நிறுத்தியிருப்பார்கள் என்று ஊகித்தார். யாரும் பார்க்காத இடத்தில் எவன் செதுக்குவான் என்பது அவர் நியாயம். அஸ்டெக் சிற்பி வேறு கணக்குப் போட்டவன். பூமி பார்த்தால் போதும் என்பது அவன் கணக்கு. அடிப்பக்கத்தில் உருவம் செதுக்கிய அஸ்டெக் சிலைகள் வேறும் கிடைத்திருக்கின்றன.

அவளை மண்ணுக்குள் தள்ளியவர்கள் எல்லோரும் அதை ஒழிப்பு என்றே நினைத்தார்கள். அவளோ மண்ணைப் பார்த்திருக்கவே செய்யப்பட்டவள்.