கைப்பிடியும் கல்லுப்பும்

சமையலறை மேடையில் ஓடும் ஐஸ்கிரீம் மெஷினை மின்சார யுகத்துப் பிள்ளை என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் ஜாதகத்தைப் புரட்டினால் 1843-க்குப் போகவேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று பிலடெல்பியாவின் நான்சி ஜான்சன் ஒரு கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒரு மரவாளி, அதற்குள் தகர உருளை, உருளைக்குள் துளையிட்ட துடுப்பு, மேலே கைப்பிடி. வாளிக்கும் உருளைக்கும் இடையில் உடைத்த ஐஸும் உப்பும். உப்பு கலந்த ஐஸ் உருகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அளவாகக் கலந்தால் −21 டிகிரி செல்சியஸ் வரைகூட இறங்கும். உருளைச் சுவரில் பால் உறைய உறையத் துடுப்பு அதைச் சுரண்டித் தள்ளுவதால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர வழியில்லை. நாக்கில் நறநறக்காத ஐஸ்கிரீமின் ரகசியம் இவ்வளவுதான்.

உப்பும் ஐஸும் ஜான்சனுக்கு முன்பே தெரிந்தவைதானே என்று கேட்கலாம். தெரிந்தவைதான். அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெபர்சன் கைப்பட எழுதிவைத்த செய்முறையிலேயே அவை இருக்கின்றன. ஆனால் அங்கே பாத்திரத்தைக் கையால் திருப்பவேண்டும், அவ்வப்போது மூடியைத் திறந்து ஓரத்தில் உறைந்ததை வழித்துவிடவேண்டும், மறுபடி மூடித் திருப்பவேண்டும். ஜெபர்சன் மாளிகையின் அடுக்களையில் இந்தப் பாட்டைப் பட்டவர்கள் அடிமைகள். திருப்புவதையும் வழிப்பதையும் ஒரே சுற்றில் சேர்த்ததுதான் ஜான்சன் செய்தது. சின்ன வேலைபோலத் தெரியும். ஏவலாள் இல்லாத வீட்டுக்குள்ளும் ஐஸ்கிரீம் நுழைந்தது அதனால்தான்.

எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதற்கு நிலக்கடலையே சாட்சி. வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1916-ல் அலபாமாவின் டஸ்கீகியிலிருந்து வெளியிட்ட கையேட்டில் கடலையைச் சமைக்க 105 வழிகள் உண்டு. கடலை ஐஸ்கிரீமும் அவற்றில் ஒன்று. கடலையை வறுத்துத் தோல் நீக்கிப் பொடியாக்குவதையும் சர்க்கரையில் ஒரு பகுதியைச் சிவக்க வறுப்பதையும் சொல்கிறவர், உறையவைக்கும் முறையை விளக்கவே இல்லை. உறையவைக்கச் சொல்வதோடு சரி. வாசிப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை அந்த மௌனத்தில் இருக்கிறது. அதை வாசித்த தென்மாநிலப் பருத்தி விவசாயிக்கு ஐஸ் ஏது என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். கையேடு வாங்கியவரெல்லாம் செய்து பார்த்திருக்கமாட்டார்கள். இருந்தாலும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதற்குள் ஐஸ் தொழிற்சாலைகள் பரவிவிட்டிருந்தன. பாஸ்டனிலிருந்து கப்பலேறிவந்த ஐஸுக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் கட்டிய காலம் மலையேறியிருந்தது.

இன்றைய மேடை மெஷினில் உப்பைக் காணோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. முந்தைய இரவே ஃப்ரீசரில் வைக்கிற கிண்ணத்தின் இரட்டைச் சுவருக்குள் அடைபட்ட திரவம் உறைந்து, வாளியின் வேலையைச் செய்கிறது. தானே குளிரூட்டிக்கொள்ளும் விலையுயர்ந்த மெஷின்கள் வேறு ஜாதி அல்லவா என்றால், அவற்றிலும் குளிர்ந்த சுவரும் சுரண்டும் துடுப்பும்தான். குளிர் எங்கிருந்து வருகிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. கடலையைப் பீனட் பட்டராகக் கலவையில் சேர்த்தால் மெஷினுக்குப் பாதி வேலை மிச்சம்: அதன் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, அது படிகங்களுக்கு நடுவே புகுந்து ஐஸ்கிரீமைக் குழைவாக்கிவிடுகிறது. கலவையும் சீக்கிரம் இறுகும். அன்று கைப்பிடி கனத்ததை வைத்துப் பதம் அறிந்தார்கள்; இன்று மோட்டார் முனக ஆரம்பித்தால் நிறுத்திவிடவேண்டும்.