சின்னச் சொற்கள்

நூற்றாண்டு மலருக்கு எழுத அமர்ந்ததும் நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆங்கிலக் கொப்பியில் இருந்த சிவப்பு மைதான். 'ஐ லிவ் இன் த எஸ்டேட்' என்று எழுதிக் கொடுத்தோம். டீச்சர் 'இன்' என்பதை வெட்டி 'ஒன்' என்று திருத்தினார். தோட்டத்துக்கு மேலேயா குடியிருக்கிறோம் என்று நாம் சிரித்தோம்.

நமக்கு 'இல்' ஒன்றே போதும்: வீட்டில், தோட்டத்தில், ஹல்துமுல்லையில். ஆங்கிலத்திலோ அட் ஹோம், ஒன் த எஸ்டேட், இன் ஹல்துமுல்லை. ஊர்ப்பெயருக்கு முன்னால் 'த' வராது. ஊவா மாகாணத்துக்கு வரும். 'அவர்' என்ற சொல் எச் எழுத்தில் தொடங்கினாலும் 'அன்' சேரும். யூனிவர்சிட்டிக்கு 'எ' தான். "எழுத்தைப் பார்க்காதே பிள்ளை, ஓசையைக் கேள்" என்பார் டீச்சர்.

இந்தச் சின்னச் சொற்கள் நமக்குக் கடினமானதற்கு வரலாறு உண்டு. கோப்பிக் காலம் முதலே ஆங்கிலம் மலைக்கு வந்துவிட்டது. லைன் லயமாயிற்று; பரேட் பிரட்டாயிற்று; கண்டக்டர் கண்டாக்கையா ஆனார். வேலைக்கு வேண்டிய பெயர்கள் மட்டும் வந்தன. அவற்றைக் கோத்து வாக்கியமாக்கும் சொற்கள் வரவில்லை. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியையே கேட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களில்தான்.

அதற்குள் அந்தச் சொற்கள் நம் குடும்பங்களின் தலைவிதியில் புகுந்துவிட்டன. நம் பாட்டிமாரில் பலர் 'போர்ன் இன் சிலோன்', இலங்கையில் பிறந்தவர்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அது போதவில்லை. தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவருக்குப் பத்திரம் எங்கே? 'சிட்டிசன் ஒஃப் சிலோன்' ஆக முடியாமல் 'ஒஃப் இந்தியன் ஒரிஜின்' என்று நின்றார்கள். இலங்கையில் பிறந்தவர், இலங்கையின் பிரஜை: தமிழில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம் வகுப்புத் தோழியர் சிலர் நீலகிரிக்குக் கப்பலேறினார்கள்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை, வம்சாவழியால் வந்தவர், பதிவால் வந்தவர் என்ற பேதத்தை நீக்கி, 'த ஸ்டேட்டஸ் ஒஃப் எ சிட்டிசன் ஒஃப் ஸ்ரீ லங்கா' என்று ஒரே அந்தஸ்தை வைத்தது. டீச்சர் திருத்திய 'த', 'எ', 'ஒஃப்' மூன்றும் அதில் இருக்கின்றன! ஆனாலும் அதற்குள் நுழைய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தவர்கள் நம்மிடையே உண்டு.

கோத்தகிரியிலும் கொழும்பிலும் கடல் கடந்தும் இதை வாசிக்கும் சகோதரிகளே, பேரப்பிள்ளை ஆங்கிலக் கொப்பியோடு வந்தால், 'சின்னச் சொல்தானே' என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்த்தி, பாட்டியின் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.